இரைப் பங்கும் ஒரு வால் துண்டும்

1

சென்ற மே மாதம் நம் குப்பத்து வாசகசாலைச் செயலாளர் எனக்கு எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "நம்ம கலியமூர்த்தி பெங்களூரில் ஒரு பெரிய ஏரியையே தன் வலைக்குள் வைத்திருந்ததாகவும், பட்டாளத்து அதிகாரிகள்கூட வீடு தேடி வந்து அவருக்குப் பங்கு கொடுத்ததாகவும் சொல்லிவருகிறார். இதைப் பற்றித் தாங்கள் ஆண்டு மலருக்கு எழுதினால் இளைஞர்களுக்கு ஊக்கமாக இருக்கும்."

எழுதுகிறேன். ஊக்கமாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பல்ல. நான் பிழை திருத்துபவன். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் முதலில் அதிலுள்ள தவறுகள்தான் என் கண்ணில் படும். ஏரி பெரியதல்ல. அதை அவன் வலைக்குள் வைத்திருக்கவில்லை. அவன் வலைதான் இரண்டு மாதத்துக்கு மேல் இன்னொருவன் கொட்டகைக்குள் இருந்தது. அதிகாரிகள் வரவில்லை, ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வந்தார். "பங்கு" என்ற சொல்லைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

செயலாளர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "ஊர் நினைவு வாட்டுகிறதா?" இல்லை. நான் 1947 செப்டம்பரில் இங்கே பெங்களூருக்கு வந்தேன். வந்த நாள் முதல் கன்டோன்மென்ட் பக்கத்து அச்சகம் ஒன்றில் வேலை. 1956 நவம்பரில் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது, படுக்கையைவிட்டு எழாமலே நான் வேற்று மொழிக்காரன் ஆனேன். அதற்கும் நான் அழவில்லை. படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறான், வலையைப் போர்த்திக்கொண்டு புத்தகம் படிக்கிறான் என்று என்னைப் பார்த்துச் சிரித்த குப்பம் அது. சிரித்தவர்களில் சிலர் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

இந்த ஊரின் மேலும் எனக்குக் காதல் இல்லை. பதினேழு வருஷமாகியும் கன்னடம் படிக்கத் தெரியாது. பேசுவேன், நான் பேசினால் என் மகள் வசந்தா வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அவள் நான்கு மொழி பேசுகிறாள். அதில் தமிழ் வீட்டில் மட்டும், அதுவும் கேட்டால்தான்.

2

கலியமூர்த்தி என் மனைவி அஞ்சலையின் தம்பி. 1963 ஜூலையில் வந்தான். படகுப் பங்கில் தகராறு என்றான். யாரோடு என்பதை நீங்களே அறிவீர்கள். முன்கூட்டிக் கடிதம் இல்லை. நீலசந்திராவில் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறைகளுக்குள் அவனும் ஒரு வீச்சு வலையும் வந்து சேர்ந்தார்கள். வலையைத்தான் முதலில் உள்ளே அனுப்பினான்.

வீச்சு வலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது எப்படி நாறும் என்பது கடற்கரையில் தெரியாது, அங்கே காற்று இருக்கிறது. இங்கே எங்களுக்கு ஒரே ஜன்னல். அவன் வலையை அந்த ஜன்னலில் தொங்கவிட்டான். வலைக்கு ஏற்றிய பனிச்சங்காய்ச் சாயமும் உப்பும் பழைய மீனும் கலந்த வாடை என் புத்தக அலமாரிக்குள் போய்க் குடியேறியது. எனக்குப் படிக்க வெளிச்சமும் போயிற்று.

"இதை வெளியில மாட்டக் கூடாதா?" என்றேன்.

"வெளியில மாட்டுனா எலி கடிச்சிடும் மாமா. இல்லாட்டி எவனாவது ஈயக்குண்ட அறுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"இந்த ஊர்ல வலைக்குண்டை எவன் திருடுவான்?"

"எந்த ஊரா இருந்தா என்ன, ஈயம் ஈயந்தான்."

இந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது சரி. அதைப் பிறகு சொல்கிறேன்.

அச்சகத்தில் காகிதக் கட்டுத் தூக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. "நின்னுக்கிட்டே இருக்கச் சொல்றாங்க மாமா. கடல்லகூட அப்பப்ப ஒக்காருவோம்," என்றான். அஞ்சலை அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவளுக்கு ஊரில் வேறு யாரும் இல்லை. தாய் தகப்பன் போய்விட்டார்கள். இருப்பது இவன் ஒருவன். அவன் இங்கேயே நிலைத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். என் எண்ணத்தை நான் மறைக்கவில்லை. ஊர் திரும்பும் வழியிலுள்ள காட்பாடிக்கு ரயில் எந்த நேரத்தில் என்று அவன் காதுபடவே இரண்டு முறை சொன்னேன்.

"ஏங்க, அவன் என்ன ஒங்க தலமேலயா ஒக்காந்திருக்கான்?" என்றாள் அஞ்சலை.

"தலைமேல் உட்கார்ந்திருந்தால் ஜன்னலாவது திறந்திருக்கும்."

3

நீலசந்திராவுக்குத் தெற்கே நடந்து போகும் தூரத்தில் ஓர் ஏரி. பெயரைக் குறிப்பிடவில்லை. அதன் மீன் குத்தகையை எடுத்தவர் உயிரோடு, கோபத்தோடு இருக்கிறார். அவரை முனியப்பா என்று அழைக்கிறேன். அது அவர் பெயரல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூண்டில்காரர்களுக்குச் சீட்டுக் கொடுப்பார். சீட்டு வாங்கியவர்கள் கரையில் இடம்பிடித்து உட்கார்ந்து ராகிக் களியை உருட்டிப் போட்டுக் கெண்டை பிடிப்பார்கள். வலை கூடாது. கூடாது என்பதைத் தகரப் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்தார். தமிழில் மட்டும் இரண்டு பிழை. பலகையை நம்பாத திருடர்களுக்காகத் தண்ணீருக்குள் கருவேல முள்ளை வெட்டி நட்டிருந்தார். வலை போய் அதில் மாட்டினால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த ஏரிக்குக் கலியமூர்த்தி எப்படிப் போனான், எப்படி அனுமதி வாங்கினான் என்பதற்கு அவன் வாய்மொழிதான் முதல் சான்று. நான் பின்னால் முனியப்பாவிடம் கேட்டு ஒத்துப்பார்த்தது இது: ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவன் கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். விரால் மீன் துள்ளுகிற ஏரியில் களி உருண்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று சிரித்திருக்கிறான். விரால் உயிருள்ளதைத்தான் விரட்டும். நம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கு உயிர் மடவைக்குஞ்சு போடுவதுபோல, இங்கே விராலுக்கு உயிர்க் கெண்டைக்குஞ்சு போட வேண்டும். இதை முனியப்பாவிடம் சொல்லியிருக்கிறான். விரால் கிடைக்கும் ஏரி என்று பெயர் வந்தால் சீட்டு அதிகம் போகும் என்பது குத்தகைக்காரருக்கு உடனே புரிந்திருக்கிறது. தண்ணீர் வழியும் கலிங்கல் பக்கம் மட்டும், கெண்டைக்குஞ்சு மட்டும் என்று வாயால் அனுமதி கொடுத்தார். வாயால்தான். எழுத்தில் வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

முதல் நாள் அவன் வலை அள்ளி வந்தது சேறு. நம் வலைக்குண்டு ஆற்று இழுப்புக்கும் மணல் தரைக்கும் ஏற்ற கனம். ஏரிச் சேற்றில் நேராக இறங்கிப் புதைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பாதிக் குண்டுகளை அவிழ்த்தான். அடுத்த வாரம் கலிங்கலுக்குக் கீழே கல்பாவிய இடமாகப் பார்த்து வீசினான்.

அஞ்சலை சாப்பாடு கொடுத்தனுப்பியதால் அதை நான் ஒருமுறை பார்க்க நேர்ந்தது. வலையை இடது முழங்கையில் மடித்துப் போட்டு, ஓரத்துக் குண்டு ஒன்றைப் பல்லில் கடித்து, இடுப்பை ஒரு பக்கம் முறுக்கித் திரும்பினான். குண்டு பல்லைவிட்டுப் போகும் கணத்தில் வலை தட்டுப்போல விரிந்து, ஓசை இல்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. எப்போதும் ஒரே குண்டைத்தான் கடிப்பான். அது பல் பதிந்து சப்பையாகிவிட்டிருந்தது. குஞ்சுகளைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்வான். உலர்ந்த கை பட்டால் செதில் வெந்து செத்துவிடும் என்றான். மண்ணெண்ணெய்த் தகரத்தில் அவற்றை விட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, கரையோரம் வரிசையாகப் போய் ஒவ்வொரு தூண்டில்காரருக்கும் நாலைந்து கொடுத்தான். முதுகுத் துடுப்புக்குக் கீழே, முள்ளில் படாமல் தூண்டிலைக் கோக்கவும் காட்டிக் கொடுத்தான்.

ஒருவரிடமும் காசு கேட்கவில்லை. அவர்களும் கொடுக்கவில்லை. "தேங்க்ஸ்பா," என்றார்கள். இலவசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

4

கவனியுங்கள், இங்கேதான் எல்லாம் கெட்டது.

நம் முகத்துவாரத்தில் இரை விலைக்கு இல்லை. வலை வீசி மடவை பிடிப்பவன் கரையில் நிற்கும் அத்தனை தூண்டிலுக்கும் கொடுப்பான். அந்த இரையில் கொடுவா மாட்டினால், மீனின் கழிவுத் துளையிலிருந்து வால்வரை இரைக்காரன் பங்கு. அதை அவன் கேட்கக் கூடாது. கேட்டால், நீ தராமல் ஏமாற்றுவாய் என்று சந்தேகப்பட்டதாக அர்த்தம், அது அவமதிப்பு. தூண்டில்காரனும் எடுத்து நீட்டக் கூடாது. நீட்டினால் அது தானம். இரைக்காரன் தானே கத்தியோடு வந்து, தானே அறுத்து, தலைப் பாதியைக் கூடையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததே. மலர் வெளியூருக்கும் போகிறது என்பதால் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் முழுவதும் சிறு விரால்கள். சிறு மீனில் பங்கு எடுப்பதில்லை. அக்டோபர் மூன்றாம் ஞாயிறு, மழை விட்ட காலை, ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவருக்கு முழங்கையளவைவிடப் பெரிய விரால் மாட்டியது. அவர் வட ஆற்காட்டுக்காரர், தலைமுறைகளாகக் கன்டோன்மென்ட்டில் இருப்பவர். சீட்டு வாங்கும்போதுகூட மார்பை நிமிர்த்திக்கொண்டு வாங்குவார். அன்றும் சாப்பாட்டுத் தூக்கோடு நான் அங்கே இருந்தேன்.

கரை முழுக்க ஓடி வந்து பார்த்தது. சுபேதார் மீனைத் தட்டிச் சாகடித்து, கூடையில் வைத்து, ஈரச் சாக்கால் மூடினார். கூட்டம் கலைந்தது. கலியமூர்த்தி நிதானமாகத் தகரத்தைக் கீழே வைத்தான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். சாக்கை விலக்கி, மீனைக் கல்லில் போட்டு, ஒரே இழுப்பில் அறுத்து, வால் பாதியை ஆமணக்கு இலையில் சுற்றிக்கொண்டு, தலைப் பாதியை மரியாதையாகக் கூடையில் திரும்ப வைத்துச் சாக்கை மூடிவிட்டு நடந்தான். தூண்டிலில் அடுத்த குஞ்சைக் கோத்துக்கொண்டிருந்த சுபேதார் நிமிர்ந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது.

"அரே! டேய்! என்னடா பண்ற?"

கலியமூர்த்தி திரும்பிப் பார்த்து, "ஆச்சுங்க," என்றான்.

"என்ன ஆச்சு? என் மீன எடுத்துக்கினு எங்கடா போற?"

"என்னுத மட்டுந்தாங்க எடுத்தேன். ஒங்க தல ஒங்ககிட்ட இருக்கு."

"என் தலயா? சோமாரி! கத்தியக் காட்டி என் தலங்கறான் பாரு!"

பக்கத்திலிருந்த ரயில்வே ஆள் சிரித்தார். "சுபேதார் சாப், பாகிஸ்தான்கூட சண்டையில உங்ககிட்ட பாதி எடுக்கலியே!" அந்தச் சிரிப்புதான் நெருப்பை மூட்டியது. சுபேதார் பாய்ந்து வால் துண்டைப் பிடுங்கினார். முனியப்பாவின் காவல்காரன் ஊதலை ஊதிக்கொண்டு ஓடிவந்தான். அவனும் தமிழன்தான், அதனால் எந்த நன்மையும் விளையவில்லை. "எனக்கு அப்பவே தெரியும், கடலோரத்து ஆளுங்கள நம்பக் கூடாதுன்னு," என்று வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

நான் போய் விளக்கினேன். இரை, பங்கு, வழக்கம் என்று ஒழுங்காகச் சொன்னேன். சுபேதார் என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார்.

"படிச்சவன்தானே நீ? உன் மச்சான் உன் பாக்கெட்டுல கை வுட்டுட்டு, எங்க ஊர் வழக்கம்னு சொன்னா உட்டுடுவியா?"

"நீங்கள் போட்டது அவன் பிடித்த இரை."

"நான் கேட்டனா? அவனாத்தானே குட்த்தான்! சும்மா குட்த்தான், தேங்க்ஸ் சொன்னேன், முடிஞ்சிபோச்சி."

முடியவில்லை. எழுத்தில் மன்னிப்பு வராவிட்டால் ஸ்டேஷனுக்குப் போவேன் என்று முனியப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

5

மறுநாள் வேலை முடிந்ததும், கன்னடம் படிக்க ஆள் வேண்டும் என்று வசந்தாவையும் அழைத்துக்கொண்டு முனியப்பாவின் கொட்டகைக்குப் போனேன். கலியமூர்த்தி பின்னால் வந்தான். வலை ஒரு மூலையில் உரச் சாக்கின் மேல் கிடந்தது. முனியப்பா ஒரு காகிதத்தை நீட்டினார். வசந்தா அதை ஒரே மூச்சில், சினிமா விளம்பரம் படிப்பதுபோல் படித்து, தமிழில் சொன்னாள்: "மாமா மீன் திருடிட்டாராம். தப்புன்னு ஒத்துக்கறாராம். மன்னிச்சிடணுமாம். கீழ கைநாட்டு."

"இதுல பெருவிரல் வெச்சிடப்பா," என்றார் முனியப்பா. "சுபேதாருக்குத் தோர்ஸ்தினி, காட்டறேன். அவர் கோபம் போயிடும். வலை நீ தகோ, எடுத்துக்கோ. ஸ்டேஷன் பேடா, கோர்ட்டும் வேணாம்."

"திருட்டு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அறியாமல் செய்தது என்று போடுங்கள்," என்றேன்.

"ஏன் சாமி, நீங்க எழுத்து வேலைக்காரரு. ஒரு வார்த்தைக்கு இவ்ளோ சண்டையா?"

"என் வேலையே அதுதான்."

நான் கலியமூர்த்திக்காகப் பேசினேன் என்று எண்ண வேண்டாம். அவன் போனால் எனக்கு ஜன்னல் கிடைக்கும். ஆனால் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி, அதன் கீழே எழுதப் படிக்கத் தெரியாதவன் விரலை வைத்து அழுத்துவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முனியப்பா கெட்டிக்காரர். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வேறு வழியில் வந்தார். "நோடப்பா கலியா. கையெழுத்து ஆன மேல நீ இங்கயே கெலசம் பண்ணு. கூலி நான் கொடுக்கறேன். நீ மீன்குஞ்சு பிடி. நான் விக்கறேன். யார் மீனுலயும் கை வைக்காதே."

எனக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. அவனுக்கு வேலை, அஞ்சலைக்குத் தம்பி, எனக்கு வெளிச்சம். கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கூலி வேணாங்க. பங்கு குடுங்க."

"எதுல பங்கு?"

"மாட்டுன மீனுல."

முனியப்பா அப்போதுதான் உண்மையாகவே கோபப்பட்டார். நாற்காலியை விட்டு எழுந்தார். "திருடனுக்கு மன்னிப்பு உண்டப்பா. பாகம் கேக்கறவனுக்கு இல்லே. பாகம் கேக்கறவன் கூலி ஆளு அல்ல, கூட்டாளி. என் ஏரியில எனக்குக் கூட்டாளி பேடா!"

வழியில் நான் கத்தினேன். வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். "கூலி வாங்கினால் என்னடா குறைந்துபோகும்? நான் பதினாறு வருஷமாகக் கூலிதானே வாங்குகிறேன்?"

"நீங்க வாங்குவீங்க மாமா," என்றான் அவன். ஏளனமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வசந்தா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள், தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

6

விரல் வைக்காதவரை வலை இல்லை. வலை இல்லாதவரை அவனுக்கு இந்த ஊரில் செய்ய எதுவும் இல்லை. ஊருக்கும் போக மாட்டான். வலையைப் பறிகொடுத்துவிட்டு எந்த முகத்தோடு குப்பத்துக்குள் நுழைவது என்று அஞ்சலையிடம் சொல்லியிருக்கிறான். ஆகவே நம் ஊரில் பங்கு மறுக்கப்பட்டவன் என்ன செய்வானோ அதைச் செய்தான். போய் நின்றான்.

ஞாயிறுதோறும் சுபேதார் உட்காரும் இடத்துக்குப் பின்னால், கூடை கண்ணில் படும்படி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பேச மாட்டான். வெயிலானாலும் தூறலானாலும் அவர் எழும்வரை நிற்பான். நம் கரையில் இப்படி ஒருவன் நின்றால், நாலு பேர் "என்னப்பா விஷயம்?" என்று கேட்டு அன்றைக்கே தீர்த்துவைப்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் ஒருவன் ஒரே இடத்தில் நின்றால் பஸ்ஸுக்கு நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"சுபேதார் சாப், உங்க பாடிகார்ட் வந்தாச்சு," என்பார் ரயில்வே ஆள்.

"நிக்கட்டும். நானும் பர்மாவுல நின்னவன்தான்."

"பர்மாவுல முன்னாடி நின்னாங்க சாப். இவன் பின்னாடியில்ல நிக்கறான்?"

உயிர் இரை நின்றுபோனதால் விராலும் நின்றுபோனது. மறுபடியும் களி உருண்டை, மறுபடியும் விரலளவு கெண்டை. அதற்கும் கலியமூர்த்திதான் காரணம் என்பதுபோல் எல்லாரும் அவனை முறைத்தார்கள். நவம்பரில் ஒரு நாள் சுபேதார் திரும்பி ஒரு கெண்டையை எடுத்து அவன் காலடியில் எறிந்தார். "இந்தா, தின்னுட்டுப் போடா!" கலியமூர்த்தி குனியவில்லை. காகம் ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இதை எனக்குச் சொன்னது காவல்காரன், சிரித்துக்கொண்டே சொன்னான்.

வீட்டிலும் போர்தான். "போய் அந்த விரலை வைத்துத் தொலையச் சொல்," என்று ஒரு நாள் நானே அஞ்சலையிடம் சொல்லிவிட்டேன்.

"நீங்கதான வேணாம்னீங்க?"

"சொன்னேன். இப்போது அலுத்துவிட்டது."

"அவனுக்கு அலுக்கல," என்றாள். அன்று என் தட்டில் குழம்பு மட்டும் இருந்தது, மீன் இல்லை.

7

1964 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. கலியமூர்த்தி காய்ச்சலில் படுத்திருந்தான். அந்த ஒரு ஞாயிறுதான் அவன் போகவில்லை. மதியத்துக்கு மேல் சைக்கிள் மணி கேட்டது. வாசலில் சுபேதார். சட்டை இஸ்திரி போட்டது, காலில் பூட்ஸ். மீன்பிடிக்கப் போய் வந்தவரைப்போல் இல்லை; ஆனால் அவர் எப்போதுமே அப்படித்தான் இருப்பார். கையில் ஆமணக்கு இலைப் பொட்டலம்.

"எங்க அவன்?"

"காய்ச்சல். படுத்திருக்கிறான்."

அவர் முகத்தில் ஒரு கணம் ஏமாற்றம் தெரிந்ததாக எனக்குப் பட்டது. பொட்டலத்தை வாசற்படியில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை.

"உன் மச்சானோட வாலு. வெச்சிட்டேன். இனிமே என் முதுகுக்குப் பின்னால நிக்க வேணாம்னு சொல்லு. வாரம் பூரா முதுகு அரிக்குது. கோயிலுக்குப் போனாலும் பின்னால எவனோ நிக்கற மாதிரியே இருக்குது. என் பொஞ்சாதி சிரிக்கறா." பிறகு, "முனியப்பாகிட்ட கம்ப்ளெய்ன்ட் இல்லன்னு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. அவன் பண்ணது திருட்டுதான்," என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை மிதித்தார்.

நான் பிரித்துப் பார்த்தேன். விரால். கழிவுத் துளையிலிருந்து வால்வரை, அளவு பிசகாமல் அறுத்திருந்தது. அஞ்சலை வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கலியமூர்த்தி கண் விழித்தபோது குழம்பு அடுப்பிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி: "தல எங்க?"

"தலையை அவர் எப்படிக் கொண்டுவருவார்? தலை அவர் பங்கல்லவா?"

"அது சரி. வாயில தூண்டில் பட்ட காயம் இருந்துச்சான்னு பாக்கணும். அந்த ஏரியில அவரே புடிச்ச மீனா இருந்தா பங்கு. மார்க்கெட்டுல வாங்குனதா இருந்தா பிச்ச."

"டேய் கலியா, ஆறிப்போவுது," என்றாள் அஞ்சலை. தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். அவள் நின்றதும் அவன் ஏரிக்கரையில் நின்ற மாதிரியேதான் இருந்தது.

அவன் துண்டை விரலால் பிட்டு நெடுநேரம் பார்த்தான். முகர்ந்தான். "சேத்து வாட இருக்கு. ஏரி மீனுதான்," என்றான். சாப்பிட்டான். முள்ளைக்கூட விடவில்லை.

8

முனியப்பா வலையைத் திருப்பிக் கொடுத்தார். அதில் ஓர் ஈயக்குண்டுகூட இல்லை. ஓரக் கயிறு முழுவதும் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. குண்டில்லாத வீச்சு வலை வெறும் கொசுவலை. கேட்டதற்கு, எலி என்றார் முனியப்பா. அடுத்த வாரம் நான் கரைப் பக்கம் நடந்தபோது காவல்காரன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் நூலில் கட்டியிருந்த ஈயம் சப்பையாக, பல் பதிந்து இருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தே சொல்கிறேன். அந்தக் காகிதத்திலிருந்த சொல் இந்த இடத்துக்குப் பொருந்தும். ஆனால் இதற்கு யாரும் காகிதம் எழுதவில்லை.

கலியமூர்த்தியிடம் சொன்னேன். அவனுக்குச் சண்டை போடத் தெம்பில்லையா, விருப்பமில்லையா, தெரியாது. "பங்கு வந்திடுச்சு மாமா, போதும்," என்றான். ஜனவரி முடிவதற்குள் காட்பாடி வழியாகச் சின்ன லைன் ரயிலில் பரங்கிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தான். அஞ்சலை ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஜன்னல் இப்போது திறந்திருக்கிறது. வெளிச்சத்தில் அவளுக்கு என்னோடு பேச அதிகமாக எதுவும் இல்லை.

செயலாளரின் வாக்கியத்துக்கு வருகிறேன். "வீடு தேடி வந்து" என்பது சரி. "பங்கு" என்பதைச் சரிபார்க்க என்னால் முடிந்ததைச் செய்தேன். அந்த ஞாயிறு சுபேதார் சீட்டு வாங்கினாரா என்று முனியப்பாவிடம் கேட்டேன். என்னைக் கொட்டகைக்குள்ளேயே விடவில்லை. ரயில்வே ஆள் அன்று வரவில்லையாம். ரஸ்ஸல் மார்க்கெட்டில் விரால் விற்கும் கடைகளில் விசாரித்தேன். "எந்த சுபேதாரு? இங்க தினம் பத்து சுபேதாருங்க வர்றாங்க," என்றார் ஒருவர். மார்க்கெட்டுக்கு வரும் விராலும் சுற்றியுள்ள ஏரிகளிலிருந்துதான் வருகிறது. அதிலும் சேற்று வாடை உண்டு. சுபேதாரை ஒரு முறை கடைத்தெருவில் பார்த்து நேராகவே கேட்டேன். "உன் மச்சான் தின்னானா இல்லியா?" என்றார். தின்றான் என்றேன். "அப்புறம் என்ன?" என்று போய்விட்டார்.

நான் இதை எழுதுவது தெரிந்து அஞ்சலையும் அதையேதான் கேட்டாள்: "அவன் தின்னுட்டான். அதுக்கப்புறம் என்னாங்க விசாரண?"

கலியமூர்த்தி உங்களிடம் அது ஏரி மீன் என்று சொல்லியிருப்பான். இருக்கலாம். அந்த மீனின் தலையை அவன் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அது எந்தத் தண்ணீரில் பிடிபட்டது என்பது, இதை எழுதி முடிக்கும் 1964 ஜூன் வரை, உறுதிப்படவில்லை.